சின்ன அலகு

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் தெருவுக்கு ஒரு சைக்கிள் வரும். பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி மிதித்தால் ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் பொருத்திய சாணைக்கல் சுற்றும். “சாகூ, சூரி, காத்ரீ…” என்று அவர் இழுத்துக் கூப்பிடுவது தெருமுனையில் திரும்பும்போதே கேட்டுவிடும். சாகூ என்றால் கத்தி, காத்ரீ என்றால் கத்தரிக்கோல். சூரிக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை; என் பாட்டி சொன்ன சூரிக்கத்தியும் மராட்டிக்காரர்கள் சொல்லும் சுரியும் ஒரே சொல்தான். பூனாவின் கோந்த்வாவில் குடியேறிய புதிதில், ஊருக்குள் எனக்கு முதலில் புரிந்த கூவல் இவருடையது.

அன்று வழக்கமான காய்கறிக் கத்தியோடும் கத்தரிக்கோலோடும் தாத்தாவின் மடக்குக்கத்தியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அப்பா போன பிறகு என்னிடம் வந்த கத்தி. முதல் இரண்டையும் பொறி பறக்கத் தீட்டி முடித்தவர், மூன்றாவதைக் கையில் வாங்கியதும் மிதிப்பதை நிறுத்தினார். பெரிய அலகைத் திறந்தார், மூடினார். சின்ன அலகைத் திறந்தார். கட்டைவிரல் நகத்தை அதன் அடிப்பக்கத்தில் மெல்ல இழுத்தார்.

“சாப், இதுல ரெண்டு கத்தி இருக்கு.”

“ஆமா சாச்சா. பெரிசு ஒண்ணு, சின்னது ஒண்ணு.”

“அதைச் சொல்லல. பெரிசு விலாயத்துல பொறந்தது. சின்னது இங்க பொறந்தது. இதைக் கல்லுல வெக்க மாட்டேன், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையால தீட்டித் தரேன்.”

அவர் சிகல்கர். பாரசீகத்தில் மெருகேற்றுபவருக்கான சொல்லில் இருந்து வந்த பெயர். மராட்டியர் காலத்தில் வாளுக்கும் ஈட்டிக்கும் சாணை பிடித்தவர்களின் வழி. வாள் போய்விட்டது, தொழில் சைக்கிளில் ஏறிக்கொண்டது. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் இருந்த பொருளை நாங்கள் யாரும் பார்க்காத விதத்தில் அவர் அரை நிமிடத்தில் பார்த்துவிட்டார். கத்தியை அன்று அவரிடம் கொடுக்கவில்லை. முதலில் அது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது.

மூடினால் மூன்றரை அங்குலம். இருபுறமும் கறுத்த கொம்புப் பிடி, இரண்டு முனையிலும் வெள்ளை உலோகப் பூண், உள்ளே பித்தளைத் தகடு, முதுகில் எஃகு வில். பெரிய அலகு கறுத்துப்போய், தீட்டித் தீட்டி இடுப்பு ஒடுங்கியிருக்கிறது. சின்ன அலகு அவ்வளவு தேயவில்லை. இரண்டும் மூடும்போது எழுப்பும் சத்தம்கூட வேறு. பெரியது ஒரே சொடுக்கு. சின்னது கொஞ்சம் தயங்கி மூடும். வருடக்கணக்காகக் காதில் விழுந்த சத்தம்தான். கேட்டதாக நினைவில்லை.

வீட்டில் இதைப் பற்றி மூன்று கதைகள். அப்பாவின் கதை: கிர்க்கியில், இன்றைய கட்கியில், ராணுவக் கிடங்கில் தாத்தா வேலை பார்த்தபோது ஒரு துரை ஊருக்குத் திரும்புமுன் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. சித்தப்பாவின் கதை: இது ஜெர்மன் கத்தி, சண்டையில் பிடிபட்டது. பாட்டியின் கதை மிகச் சிறியது. “துரையாவது குடுக்கறதாவது. பழைய பஜார்ல வாங்கினு வந்தாரு. அரிசி வாங்கக் குடுத்த காசு.” கத்தியை ஒருவர் கையில் இருந்து இன்னொருவர் கைக்கு நேராகக் கொடுக்கக் கூடாது, தரையில் வைத்துத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உறவு அறும் என்று நம்பியவள் அவள். பரிசாக வந்த கத்தியை வீட்டுக்குள் விட்டிருக்கவே மாட்டாள். இங்கிலாந்திலும் இதே நம்பிக்கை உண்டு. கத்தியைப் பரிசாகப் பெறுபவர் ஒரு காசைத் திருப்பிக் கொடுத்து அதை விலைக்கு வாங்கியதாக ஆக்கிவிடுவார்.

பழைய கத்தியின் ஊரைக் கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டிய இடம் அலகின் அடி, பிடிக்குள் நுழையும் கழுத்துப்பகுதி. முத்திரை அங்கேதான் இருக்கும். எங்கள் கத்தியில் அந்த இடத்தில் அப்பா ஒரு தீபாவளிக்கு எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார். அன்போடு செய்த வேலை. பாதி எழுத்து போய்விட்டது. பழைய எஃகை மினுக்கக் கூடாது என்பதை யாருக்காவது சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் விடாமல் சொல்லிவிடுகிறேன். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பழைய பல் பிரஷ், மெல்லிய துணி, இவ்வளவு போதும். எழுத்து இருந்த பள்ளத்தில் குழந்தைப் பவுடரைத் தடவித் துடைத்து, அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்கவைத்து அடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளம் நிழலாக எழுந்து வரும். மூன்று இரவு பார்த்தேன்.

முதலில் ஒரு நட்சத்திரம் வந்தது. பக்கத்தில் மால்டா சிலுவை. அதன் மேல் வளைவாக “ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ்”. அடியில் மாட்சிமை பொருந்திய மன்னருக்குக் கத்தி செய்பவர்கள் என்ற வரியின் பின்பாதி. மறுபுறம் எண் 6, நார்ஃபோக் தெரு, ஷெஃபீல்டு, இங்கிலாந்து. தனியே ஒரு கிரீடம், அதன் ஒரு பக்கம் “ஜி”, மறுபக்கம் “ஆர்”.

இந்த ஐந்து துண்டில் ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. நட்சத்திரமும் சிலுவையும் 1682இல் ஷெஃபீல்டின் கத்தியர் சங்கம் பதிந்த குறி. அந்தச் சங்கம் 1624இல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. யார் எந்தக் குறியை அடிக்கலாம் என்று தீர்மானிப்பதே அதன் பெரிய வேலை. மன்னர் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமை ராட்ஜர்ஸுக்கு 1822இல் நான்காம் ஜார்ஜிடம் கிடைத்தது. “இங்கிலாந்து” என்ற சொல் இன்னும் உதவுகிறது. 1887இல் பிரிட்டனில் சரக்குக் குறிச் சட்டம் வந்தது. வேறு ஊர்ச் சரக்கின் மேல் ஷெஃபீல்டு என்று அடித்து விற்கிறார்கள் என்று கத்தியர்கள் போட்ட கூச்சல் அதற்கு ஒரு காரணம். இந்தியாவில் அதே போன்ற சட்டம் 1889இல். அமெரிக்கா 1890இல் போட்ட சுங்கச் சட்டம் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. ஆகவே நாட்டின் பெயர் அடித்த ஷெஃபீல்டு கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. கிரீடத்தின் பக்கத்தில் “வி” இருந்தால் விக்டோரியா, 1901 வரை. “இ” என்றால் எட்வர்ட், 1910 வரை. “ஜி” என்றால் ஐந்தாம் ஜார்ஜும் அவருக்குப் பின் ஆறாம் ஜார்ஜும், 1952 வரை.

துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913இல். அதில் செய்த அலகில் அதைப் பெருமையாக எழுதிவிடுவார்கள். எங்கள் கத்தியில் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. மாங்காய் நறுக்கினால் பத்து நிமிடத்தில் அலகு நீலமாகி, பிறகு கறுக்கும். மாங்காயில் இரும்பு வாடை ஏறும். எங்கள் சிறுவயது மாங்காய்க்கு அந்த ருசிதான்.

சித்தப்பாவின் ஜெர்மன் கதையும் இங்கே அவிழ்ந்தது. பூண் செய்திருந்த வெள்ளை உலோகத்துக்குப் பெயர் ஜெர்மன் சில்வர். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது; வெள்ளி ஒரு குன்றிமணிகூட இல்லை. “ஜெர்மன் சில்வர் போட்ட கத்தி” என்று தாத்தா யாரிடமோ சொன்னது பையன் காதில் ஜெர்மன் கத்தியாக விழுந்திருக்கிறது. மற்றபடி சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. ஜெர்மனியின் சோலிங்கன் ஊரும் ஷெஃபீல்டுக்கு நிகரான கத்தி ஊர்தான். தன் பெயரைக் காக்க 1938இல் சட்டமே வாங்கிய ஊர்.

பெயர் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தபோது இன்னொரு சந்தேகம் வந்தது. இந்தியச் சந்தையில் ராட்ஜர்ஸ் பெயருக்கு இருந்த மதிப்பால் போலிகளும் ஓடின. நடுவில் இருக்கும் “டி”யை விட்டுவிட்டு அடித்தவை, பெயரைச் சரியாக அடித்துக் குறியைத் தவறாக அடித்தவை. அதனால் எழுத்தை மட்டும் நம்பக் கூடாது, வேலையைப் பார்க்க வேண்டும். அலகு மூடியபோது நடுவில் நிற்கிறதா, பக்கத்தில் உரசுகிறதா? திறந்த நிலையில் வில்லும் அலகின் முதுகும் ஒரே மட்டமாக இருக்கின்றனவா? கொம்பும் பூணும் சேரும் இடத்தில் நகம் இடறுகிறதா? எங்கள் கத்தியின் பெரிய அலகு இவை எல்லாவற்றிலும் தேறியது. நகப்பள்ளம்கூட நேராக, கையளந்து வெட்டியது.

ராட்ஜர்ஸ் தன் திறமையைக் காட்ட 1851ஆம் வருட லண்டன் பொருட்காட்சிக்கு ஒரு மடக்குக்கத்தி செய்தது. அதில் 75 அலகும் கருவியும். நார்ஃபோக் கத்தி என்று பெயர். யாரும் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. அதைவிட என்னை இழுத்தது, அந்தக் கம்பெனியின் பெயரில் வந்த சாதாரணக் கத்திகளைச் செய்த கைகள். ஷெஃபீல்டின் கத்தி ஒரு கூரையின் கீழ் பிறந்ததில்லை. அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி போட்டுக் கோத்து முடிப்பவர் ஒருவர். பலர் ஓர் அறையை, ஒரு சக்கரத்தை வாடகைக்குப் பிடித்துக் கூலிக்குச் செய்து தந்தவர்கள். குட்டி எசமானர்கள் என்ற பொருளில் ஊரார் அவர்களை அழைத்தார்கள். அவர்கள் பெயர் அலகில் ஏறாது.

சாணைக்காரர்களின் கதை இன்னும் கொடியது. கல்லில் இருந்தும் எஃகில் இருந்தும் எழும் தூசு நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும். உலர்ந்த கல்லில் தீட்டுபவர்களின் ஆயுள் 35 வயதைத் தாண்டுவது அரிது, நனைத்த கல்லில் தீட்டுபவர்கள் 45ஐத் தாண்டுவது அரிது என்று ஷெஃபீல்டு மருத்துவர் ஒருவர் சொன்னதை எங்கெல்ஸ் 1845இல் வந்த தன் புத்தகத்தில் பதிந்திருக்கிறார். இதைப் படித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாச்சாவின் கல்லைப் பார்த்தேன். உலர்ந்த கல். ஒரு முகக்கவசப் பெட்டியை வாங்கிக் கொடுத்தேன். “பொறி தெரியணும் சாப், மூக்கை மூடினா கண்ணு மூடின மாதிரி” என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

பிடி எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு கேள்வி. முதலில் மான்கொம்பு என்று பயந்தேன்; இன்று இந்தியாவில் மான்கொம்பு விற்பதும் வாங்குவதும் 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மான்கொம்பில் மரப்பட்டை போலக் கரடு இருக்கும். இது வழவழப்பு. விளக்குக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒளி கசிகிறது, கோடுகள் ஓடுகின்றன. எருமைக் கொம்பு. ஒரு மூலையில் பூச்சி அரித்த சின்னக் குழியும் இருக்கிறது. பிளாஸ்டிக்கைப் பூச்சி தின்னாது. ஷெஃபீல்டின் கத்திக் கம்பெனிகள் எருமைக் கொம்பையும் கடமான் கொம்பையும் பெருமளவில் வாங்கியது இந்தியாவில் இருந்துதான். இங்கே ஏதோ ஒரு குளத்தில் முங்கிக் கிடந்த எருமையின் கொம்பு கப்பல் ஏறிப்போய், அறுபட்டு, எஃகைத் தழுவிக்கொண்டு அதே கடல் வழியாகத் திரும்பியிருக்கிறது.

எஃகு?

இதைத் தேடிப் போனபோது சேலத்தில் போய் நிற்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கதை பம்பாயில் தொடங்குகிறது. 1794இல் அங்கிருந்த மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட், இந்திய உருக்கில் கொஞ்சத்தை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். நம் உருக்கு, கன்னடத்தின் உக்கு, ஆங்கிலக் காதில் “வூட்ஸ்” ஆகியிருந்தது. ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து 1795இல் கட்டுரை வாசித்தார். துண்டைக் கத்தியாக அடித்துப் பார்க்க வேண்டுமே? லண்டனின் பெயர்பெற்ற கத்தியர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் கையில் கொடுத்தார்கள். அவர் அதில் செய்தது ஒரு பேனாக்கத்தி. இறகுப் பேனாவைச் சீவும் கத்தியின் வாய்தான் மிக மெல்லியதாகவும் உடையாததாகவும் இருக்க வேண்டும். எஃகைச் சோதிக்க அதைவிட நல்ல பரீட்சை கிடையாது. ஸ்டோடார்ட்டுக்கு அந்த எஃகு பிடித்துப்போனது. பின்னாளில் அவரோடு சேர்ந்து இந்திய உருக்கின் இரகசியத்தைப் பிடிக்கக் கலப்பு எஃகுச் சோதனைகள் செய்தவர் ஒரு கொல்லரின் மகன், பெயர் மைக்கேல் ஃபாரடே.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எழுதுவதற்கென்று மடக்கிவைக்கும் கத்தி நமக்குப் புதிதல்ல. பனையோலையில் எழுதியவர்களிடம் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. பிடியின் ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் ஓலையை வாரிச் சீவ ஒரு சின்னக் கத்தி, இரண்டும் மடங்கிப் பிடிக்குள் போய்விடும். பேனாக்கத்தி என்ற சொல் நம் ஊருக்கு வந்தபோது அந்தப் பொருளுக்கு இங்கே ஏற்கெனவே ஓர் அண்ணன் இருந்தான்.

சேலத்துக்கு வருவோம். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், அந்தப் பக்கத்துக் கஞ்சமலை இரும்புத் தாதுவையும் அங்கே மூசையில் உருக்கு காய்ச்சுபவர்களையும் பார்த்து, உத்தியோகத்தை விட்டுவிட்டு இரும்பின் பின்னால் போனவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவியோடு 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலையை ஆரம்பித்தார். சேலத்துக் கொல்லர் உருக்கு காய்ச்சும் முறையை அவர் எழுதிவைத்திருப்பது, பட்டறை வாசலில் உட்கார்ந்து பார்த்த எழுத்து. இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, உமி கலந்த களிமண் மூசையில் போட்டு, காய்ந்த ஆவாரங்குச்சியைச் சேர்த்து, மேலே ஓரிரண்டு பச்சை எருக்கிலையை மூடி, களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இப்படி 20, 24 மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, கரியைக் கொட்டி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி. குச்சியும் இலையும் சடங்கு அல்ல. மூடிய மூசைக்குள் அவை கரிந்து, இரும்புக்குக் கரியைக் கொடுத்து எஃகாக்குகின்றன.

பரங்கிப்பேட்டை ஆலை ஹீத்துக்குப் பணம் தரவில்லை. அவர் இங்கிலாந்து போய் ஷெஃபீல்டில் சோதனைகளைத் தொடர்ந்தார். அங்கே நல்ல கத்தி எஃகுக்கு ஸ்வீடன் இரும்பை நம்பியிருந்தார்கள். உள்ளூர் இரும்பில் காய்ச்சினால் அடிக்கும்போது விரிசல் விடும். மூசையில் சிறிதளவு மாங்கனீசுக் கரியகத்தைச் சேர்த்தால் அந்தக் குறை நீங்கும் என்று ஹீத் கண்டு, 1839இல் காப்புரிமை வாங்கினார். இரும்பில் இருக்கும் கந்தகத்தை மாங்கனீசு தன்னோடு கட்டிவைத்துக்கொள்கிறது. அதனால் சிவக்கக் காய்ச்சிய எஃகு சம்மட்டிக்கு உடையாமல் வளைகிறது. ஷெஃபீல்டில் எஃகின் விலை இறங்கியது, தொழில் பெருகியது. ஆனால் காப்புரிமையில் எழுதிய மாங்கனீசுக் கரியகத்துக்குப் பதிலாக மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியே போட்டாலும் அதே பலன் கிடைக்கும் என்று தெரிந்ததும், அவருடைய முகவரே அப்படிச் செய்து உரிமைத் தொகை தராமல் விட்டார். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. ஹீத் 1851இல் கையில் காசில்லாமல் இறந்தார். அதே வருடம்தான் ராட்ஜர்ஸின் 75 அலகுக் கத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் உலகத்துக்குக் காட்டப்பட்டது. வழக்கின் கடைசித் தீர்ப்பு அவர் இறந்த பிறகு வந்தது, அவருக்கு எதிராக.

மாங்கனீசு யோசனை சேலத்தில் இருந்து போனது என்று நான் சொல்ல மாட்டேன். அது ஹீத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஆனால் ஒரு சிவில் சர்வீஸ்காரரை எஃகுப் பைத்தியமாக்கியது ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் போட்ட மூசை. ஹீத்துக்குப் பிறகு ஷெஃபீல்டின் மூசை எஃகில் மாங்கனீசு சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. என் தாத்தாவின் பெரிய அலகும் அந்த வழியில் வந்தது. முத்திரையில் அதற்கு இடம் இல்லை. ஹீத்தின் பெயரே இல்லாத இடத்தில் துருத்தி ஊதியவர் பெயர் எப்படி இருக்கும்?

நம் பக்கத்தில் பெயர் தப்பிய கத்தியரும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பன்றி வேட்டைக்குப் போன பிரிட்டிஷ் அதிகாரிகள் சேலத்து அருணாசலத்தின் ஈட்டியையும் வேட்டைக்கத்தியையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். தக்காணத்தில் அதே மதிப்பு ஔரங்காபாத்தின் போத்ராஜுக்கு இருந்தது. கையில் இருப்பது ஷெஃபீல்டா சேலமா என்று அன்றைய வேட்டைக்காரர்கள் தாழ்வு உயர்வு பார்க்கவில்லை. காட்டுப்பன்றி எதிரே வரும்போது முனை மடங்கக் கூடாது, அவ்வளவுதான்.

பூனாவுக்கு இந்தக் கத்தி வந்த வழி எளிது. ஷெஃபீல்டு சரக்கு பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் மலை ஏறி, கன்டோன்மென்ட்டின் மெயின் ஸ்ட்ரீட் கடைகளுக்கு வரும். பம்பாயிலேயே 1891 முதல் ஆர்மி அண்ட் நேவி கடை இருந்தது. படைகள் நிறைந்த ஊர் இது. கிர்க்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869இல் வந்துவிட்டது. பேனாக்கத்தி இல்லாத அதிகாரியும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. முதலில் வாங்கியவர் துரையாகவே இருக்கட்டும். அதை அப்பாவுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

அதன் பிறகு நடந்ததைச் சின்ன அலகுதான் சொல்ல வேண்டும். டார்ச்சைச் சாய்த்து அதன் கழுத்தையும் பார்த்தேன். எழுத்து எதுவும் இல்லை. ஆனால் ஒரு பக்கம் மிக நெருக்கமான சாய்ந்த கோடுகள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, மழித்த தாடியின் அடித்தடம் போலத் தெரிந்தன. படம் எடுத்து வைத்திருந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாச்சாவிடம் காட்டினேன். போன் திரையைப் பார்க்கவே இல்லை அவர்.

“கானஸ் சாப். கையில வாங்கும்போதே நகத்துக்குத் தெரிஞ்சுது.”

கானஸ் என்றால் அரம். தேய்ந்த அரத்தைத் தூக்கி எறியும் கொல்லர் எந்த ஊரிலும் கிடையாது. அரத்தின் எஃகில் கரி அதிகம். அதைக் காய்ச்சி இளக்கி, அடித்து, பல்லை மழித்து, மறுபடி தோய்ச்சல் வைத்தால் நல்ல கத்தி. தோய்ச்சலில்தான் கைத்திறம். செக்கச் சிவந்ததைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால் கண்ணாடி போல இறுகும், விழுந்தால் உடையும். மறுபடி மெல்லக் காட்டி வைக்கோல் நிறம் ஏறும்போது எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் நீலம் ஓடி வாய் மழுங்கும். ஒன்றேகால் அங்குல அலகில் அந்த நிறத்தைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் இதைச் செய்திருக்கிறார். பழைய அச்சாணியைத் தட்டி எடுத்து, வில்லை உடைக்காமல் நெம்பி, புது அலகின் கழுத்தை அந்த வில்லுக்கு ஏற்ப ராவி ராவிப் பொருத்தி, பித்தளை ஆணி அடித்து, பூணோடு மட்டமாகத் தேய்த்திருக்கிறார். மற்ற ஆணிகளை விட இந்த ஒன்று மட்டும் மயிரிழை தடிமன். மூடும்போது வரும் அந்தத் தயக்கம் அவருடைய ராவலில் மிஞ்சிப்போன ஒரு துளி.

இதைச் செய்யச் சொன்னது தாத்தாவா? பாட்டி உயிரோடு இருந்தபோது சொன்ன ஒரு வரி இதற்காகவே காத்திருந்தது போல நினைவுக்கு வந்தது. “வாங்கும்போதே பெரிசு கறுப்பா கெழவி மாதிரி இருந்துச்சு. சின்னது மட்டும் புதுப்பொண்ணு மாதிரி பளபளன்னு.” அப்படியானால் அலகை மாற்றியது தாத்தாவுக்கு முந்தி. யாரோ ஒருவர் சின்ன அலகை உடைத்திருக்கிறார். தூக்கிப்போட மனம் வராமல் கொல்லரிடம் கொடுத்திருக்கிறார். பிறகு அவரும் அதை விற்க நேர்ந்திருக்கிறது. விற்ற இடம் பாட்டி சொன்ன பழைய பஜார், புதனும் ஞாயிறும் கூடுகிற ஜுனா பஜார். மங்கள்வார் பேட்டையை ஒட்டிய அந்தச் சந்தையில் இன்றும் பூட்டும் சாவியும் தராசும் துருவேறிய அரமும் தரையில் பரப்பிக் கிடக்கும். துரையின் கதையில் சின்ன அலகுக்கு விளக்கம் இல்லை. பாட்டியின் கதையில் இருக்கிறது. அரிசிக்கு வைத்திருந்த காசு என்பதையும் நான் நம்புகிறேன். அந்தக் கோபம் ஐம்பது வருடம் தணியாமல் இருந்தது.

தாத்தா இதை என்ன செய்தார்? பென்சில் சீவினார். மூட்டைச் சணலை அறுத்தார். ஊரில் இருந்து யாராவது கட்கிக்கு வந்தால் கரும்பு நறுக்கிக் கொடுத்தார். ஆயுத பூஜையன்று சந்தனம் வைத்தார். மராட்டி அண்டைவீட்டார் அதே நாளைக் கண்டேநவமி என்று கொண்டாட, இரண்டு வீட்டுக் கருவிகளும் ஒரே திண்ணையில் பூ வைத்துக் கிடக்கும் என்று அப்பா சொல்வார். பூஜையில் பெரிய அலகு திறந்திருக்கும், சின்னது மூடியே இருக்கும். ஆனால் தேய்மானத்தைப் பார்த்தால் தாத்தா அன்றாடம் திறந்தது சின்னதைத்தான் என்று சாச்சா சொல்கிறார். பெரிய அலகின் தேய்வு கல்லில் தீட்டிய தேய்வு, அவருக்கு முன்னால் வந்தவர்களுடையது. சின்ன அலகின் வாயில் இருப்பது பென்சில் மரம் வளைத்த வளைவு. கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கொம்பில் விழுந்திருக்கும் பள்ளமும் அதற்கு நேர் எதிரே இருக்கிறது. நான் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது.

போன வாரம் கத்தியை சாச்சாவிடம் கொடுத்தேன். கையில் கொடுக்காமல் சைக்கிள் கேரியரில் வைத்தேன், அவரே எடுத்துக்கொண்டார். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தது. வழவழப்பான கல்லில், எண்ணெயில், கையால் தீட்டியிருந்தார். முத்திரையின் மேல் கை படவில்லை. அரத்தின் கோடுகளையும் அப்படியே விட்டிருந்தார். கூலி கேட்டேன். பெரிய அலகுக்கு ஒரு தொகை சொன்னார். “சின்னதுக்கு?” “அது எங்க ஆளு வேலை சாப்” என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கௌசர் பாக் பக்கம் இறங்கினார்.

கத்தி இருந்த தகரடப்பாவில் அப்பா ஒரு சீட்டு வைத்திருந்தார். அவருடைய நிமிர்ந்த கையெழுத்தில் “இங்கிலீஷ் கத்தி. துரை கொடுத்தது” என்று இருக்கும். அதைக் கிழிக்கவில்லை. அதே சீட்டில், கீழே, சின்ன அலகால் சீவிய பென்சிலால் எழுதிவைத்தேன்: “பெரிய அலகு, ஷெஃபீல்டு. பிடி, எருமைக் கொம்பு, இந்தியா. சின்ன அலகு, அரம், பூனா. பாட்டி சொன்னபடி, பழைய பஜாரில் வாங்கியது.”